ரெடிமேட் 'நாஸ்' பெட்டியா, அசெம்பிள் சர்வரா? வீட்டு மீடியா சர்வர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவிக்குக் கீழே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், நாலு நாள் கழித்து போன் செய்வார்கள். "அதேமாதிரி எனக்கும் ஒண்ணு வேணும். வாங்கறதா, அசெம்பிள் பண்றதா?" முதலில் ரெடிமேட் பெட்டிதான் வைத்திருந்தேன். பிறகு நானே ஒன்றைக் கட்டினேன். இப்போது வீட்டில் இரண்டுமே ஓடுகின்றன. ஒரே பதிலைப் பலமுறை சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நாஸ், நாஸ்னு சொல்றாங்களே, அது என்னங்க? பெரிய பென் டிரைவா?

பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். நாஸ் வீட்டு ரௌட்டரில் கேபிள் வழியாக இணைந்திருக்கும். அதற்குள் ஒன்றோ பலவோ ஹார்ட் டிஸ்க், ஒரு சின்ன பிராசஸர், கொஞ்சம் மெமரி, ஓர் இயங்குதளம். அதாவது திரை, கீபோர்டு இல்லாத ஒரு கம்ப்யூட்டர்தான். வீட்டில் இருக்கும் டிவி, போன், லேப்டாப் எல்லாம் ஒரே நேரத்தில் அதிலிருந்து படம், பாட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளும்.

சினாலஜி, கியூநாப், அசஸ்டர், டெராமாஸ்டர், யூகிரீன் போன்ற கம்பெனிகள் இதை ரெடிமேடாக விற்கின்றன. டிஸ்க்கைப் போட்டு, பிரவுசரில் நாலு பக்கம் 'நெக்ஸ்ட்' அழுத்தினால் வேலை முடிந்தது. அசெம்பிள் என்றால் கேபினெட், மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் தனித்தனியாக வாங்கி, மென்பொருளையும் நாமே ஏற்றுவது.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை ரௌட்டர் பின்னாடி சொருகிட்டா போதாதா?

வீட்டில் ஒரே ஒருவர், ஒரே ஒரு டிவி, வாரத்துக்கு ஒரு படம் என்றால் போதும். நிஜமாகவே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். ரௌட்டரின் பிராசஸர் பலவீனமானது, அதனால் வேகம் கம்மி. டிஸ்க் போனால் எல்லாமே போகும். போட்டோக்களைத் தானாகப் போனிலிருந்து இறக்குவது, ஆளுக்கொரு கணக்கு வைப்பது போன்றவை பெரும்பாலும் நடக்காது. இவையெல்லாம் வேண்டும் என்று தோன்றும்போது மேலே படியுங்கள்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. வாங்கவா, கட்டவா?

நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ராத்திரி பதினொரு மணிக்கு அது நின்றுபோனால் யார் எழுந்து பார்ப்பது? "நான்தான், அதிலும் ஒரு சுவாரசியம் இருக்கு" என்று பதில் வந்தால் கட்டுங்கள். "யாராவது" என்று வந்தால் வாங்குங்கள். விலை, வேகம், வசதி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அசெம்பிள் சர்வர் கட்டுவது ஒரு சனி ஞாயிறு வேலை. அதைப் பராமரிப்பது வருடக்கணக்கான வேலை. இந்த இரண்டாவது வேலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கட்டினா பாதிக் காசுல முடிஞ்சிடும்னு நண்பர் சொன்னாரே?

நண்பர் பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிட்டிருப்பார். டிஸ்க் விலை இரண்டு வழியிலும் ஒன்றேதான். நாலு பெரிய டிஸ்க் போடுகிற வீட்டில் மொத்தச் செலவில் பெரும்பங்கு டிஸ்க்குக்கே போய்விடும். பெட்டியில் மிச்சம் பிடிப்பது அந்த மொத்தத்தில் ஒரு துண்டுதான்.

எத்தனை டிஸ்க் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். இரண்டு டிஸ்க் பெட்டியில் ரெடிமேடே லாபம். அந்த அளவுக்குச் சின்ன கேபினெட், சின்ன பவர் சப்ளை, சின்ன போர்டு என்று தேடி வாங்கினால் மொத்தம் கூடிவிடும். நாலு டிஸ்க்கில் ஏறக்குறைய சமம். ஆறு, எட்டு என்று போனால் அசெம்பிள் தெளிவாக ஜெயிக்கும். ரெடிமேட் கம்பெனிகள் கூடுதல் ஸ்லாட்டுக்கு விலையை ஏற்றிக்கொண்டே போகின்றன. ஃப்ராக்டல் நோட் 304 மாதிரியான ஒரு சின்ன கேபினெட்டிலேயே ஆறு டிஸ்க் உட்காரும், ஜான்ஸ்போ என்3-இல் எட்டு உட்காரும்.

பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு மூலையில சும்மா கிடக்கு. அதையே வெச்சுக்கலாம்ல?

கற்றுக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. நிரந்தரமாக ஓட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 24 மணி நேரமும் ஓடுகிற சாதனத்தில் ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு 8.76 யூனிட். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கலாம். இன்டெல் என்100 மாதிரியான சிப் வைத்த போர்டு, டிஸ்க் நீங்கலாக 12 வாட்டில் அடங்கும். வித்தியாசம் 48 வாட், வருடத்துக்கு 420 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கி, நாலைந்து வருடத்துக்குப் பாருங்கள். "சும்மா கிடந்த" கம்ப்யூட்டர் அவ்வளவு சும்மா இல்லை என்று புரியும்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். டிஸ்க்கை மாட்டும் சாட்டா போர்ட் மதர்போர்டில் எத்தனை என்று எண்ணுங்கள், நாலுக்குக் கீழே இருந்தால் கூடுதல் போர்ட் தரும் அட்டை போட வேண்டிவரும். பவர் சப்ளை பத்து வருடப் பழசு என்றால் அதை மட்டும் புதிதாக மாற்றுங்கள். அது சாகும்போது டிஸ்க்குகளையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

இதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு. அலுவலகங்கள் கழித்துவிடும் செகண்ட் ஹேண்ட் சின்ன டெஸ்க்டாப்புகள், முக்கியமாக இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். மின்சாரம் குறைவாகத் தின்னும், வீடியோவுக்கும் தோதானவை. உள்ளே டிஸ்க்குக்கு இடம்தான் இடிக்கும்.

எத்தனை டெராபைட் வாங்கறது?

இப்போது இருப்பதை எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். ப்ளூரே டிஸ்க் ஒன்று 25 அல்லது 50 ஜிகாபைட், 4கே டிஸ்க் 100 வரை போகும். ஐபோனில் 4கே, 60 பிரேம் வைத்துக் குழந்தையை எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாபைட், மணிக்கு 24 ஜிகாபைட். பாட்டெல்லாம் இதற்கு முன்னால் தூசி.

ஒரு சின்ன அதிர்ச்சிக்குத் தயாராக இருங்கள். 4 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 3.63 என்றுதான் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது.

ரெய்டு போட்டாச்சு. இனிமே பேக்கப் எதுக்கு?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் பெயரை முன்வைத்ததே, விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க்காக நம்பி ஓட்டுவதற்காகத்தான். நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு காப்பாற்றாது, அது எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் ஒழுங்காக அழியும். அனுபவத்தில் சொல்கிறேன்: 'பழைய போட்டோ - காப்பி' என்ற ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்து அழித்தேன். காப்பி என்று நினைத்ததுதான் ஒரிஜினல்.

மூன்று பிரதி, இரண்டு வகை இடம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இந்த 3-2-1 கணக்குப் பழசுதான், ஆனால் இதைவிட எளிதான ஒன்று இன்னும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் தேவையும் இல்லை. டிஸ்க்காகக் கையில் இருக்கும் படத்தை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். குழந்தை முதலில் நடந்த வீடியோவை மறுபடி எடுக்க முடியாது. அந்த இரண்டாவது வகைக்குப் பேக்கப் போடுங்கள், அது பொதுவாக ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அடங்கிவிடும். பட்ஜெட் இடித்தால் ரெய்டைத் தவிர்த்துவிட்டுப் பேக்கப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த ரெய்டு போடறது? அஞ்சா, ஆறா?

இரண்டு டிஸ்க் என்றால் கேள்வியே இல்லை: ரெய்டு 1, ஒன்றின் நகல் மற்றது. நாலு 4 டெராபைட் டிஸ்க் என்றால் ரெய்டு 5-இல் 12 டெராபைட் கிடைக்கும், ஒரு டிஸ்க் போகலாம். ரெய்டு 6-இல் 8 கிடைக்கும், எந்த இரண்டு வேண்டுமானாலும் போகலாம்.

டிஸ்க் பெரிதாகப் பெரிதாக ரெய்டு 6 பக்கம் சாய வேண்டும். செத்த 16 டெராபைட் டிஸ்க்குக்குப் பதில் புதிதைப் போட்டால், விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் 22 மணி நேரம் ஆகும். நடுவில் படமும் பார்த்தால் நாள் கூடும். அந்த நேரம் முழுக்க மற்ற டிஸ்க்குகள் மூச்சுவிடாமல் உழைக்கின்றன, அவற்றுக்கும் அதே வயது. ரெய்டு 5-இல் அப்போது இன்னொன்று கண்ணை மூடினால் கதை முடிந்தது. நான் 8 டெராபைட்டுக்கு மேல், நாலு டிஸ்க்குக்கு மேல் என்றால் இரண்டு டிஸ்க் பாதுகாப்புக்குக் கீழே இறங்குவதில்லை.

வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைக் கலந்து போட வேண்டியிருந்தால் வழக்கமான ரெய்டு வீணடிக்கும். எல்லாவற்றையும் சிறிய டிஸ்க்கின் அளவாகத்தான் எண்ணும். சினாலஜியின் எஸ்எச்ஆர் என்ற ரெய்டு முறை, அசெம்பிள் பக்கம் அன்ரெய்டு என்ற இயங்குதளம், இரண்டும் இதைச் சமாளிக்கும்.

4கே படம் திக்கித் திக்கி ஓடுது. மட்டமான பெட்டியை வாங்கிட்டேனா?

பெட்டியைத் திட்டுவதற்கு முன் படம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். டிவிக்குக் கோப்பை அப்படியே பிரித்து ஓட்டத் தெரிந்தால், சர்வர் வெறும் தபால்காரர், எந்தப் பிராசஸரும் போதும். டிவிக்கு அந்த வகை வீடியோவோ ஒலியோ புரியாவிட்டால் சர்வர் உட்கார்ந்து வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங். 4கே படத்தைப் பிராசஸர் பலத்தால் மட்டும் மாற்றுவது பெரிய சுமை.

எதிர்பாராத இடத்திலிருந்தும் இது கிளம்பும். ப்ளூரேயில் வரும் சப்டைட்டில், எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். பல டிவி ஆப்களுக்கு அதைக் காட்டத் தெரியாததால், சர்வர் முழு வீடியோவிலும் அதை அச்சடித்து அனுப்புகிறது. சப்டைட்டிலை அணைத்ததும் படம் சீராக ஓடினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். எழுத்து வடிவ சப்டைட்டில் கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பலே ஆள், டிவியின் பின்னால் இருக்கும் நெட்வொர்க் போர்ட். நிறைய டிவிகளில் அது விநாடிக்கு 100 மெகாபிட்தான். 4கே ப்ளூரேயின் உச்சக் காட்சிகள் அதைத் தாண்டும். கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் போட்டால் நன்றாக ஓடும் விசித்திரம் இதனால்தான். இரண்டும் சரிப்படவில்லை என்றால், எல்லா வடிவமும் படிக்கும் ஒரு நல்ல ஸ்ட்ரீமிங் பெட்டியை டிவியில் மாட்டுவது, சர்வரை மாற்றுவதைவிட மலிவு.

அப்போ டிரான்ஸ்கோடிங் நிஜமாவே வேணும்னா எதைப் பார்த்து வாங்கணும்?

இன்டெல் குவிக் சிங்க். 2011 முதல் பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களின் உள்ளேயே இருக்கும் வீடியோ பகுதி அது. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் மாற்று வேலையை முடித்துவிடும். 6 வாட் வகை என்100 சிப் ஒன்றே வீட்டுத் தேவைக்கு 4கே மாற்றத்தை எளிதாகச் செய்கிறது, ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தையும் பிரிக்கிறது. மாடல் பெயரில் கடைசியில் 'எஃப்' இருக்கும் இன்டெல் சிப்களில் இந்தப் பகுதி கிடையாது, செகண்ட் ஹேண்டில் கவனியுங்கள்.

ரெடிமேட் பக்கம் மாடல் எண் பெரிதாக இருந்தால் மேலானது என்று நம்பாதீர்கள். சினாலஜி டிஎஸ்920 பிளஸில் இருந்த இன்டெல் செலரானில் குவிக் சிங்க் இருந்தது. அடுத்து வந்த டிஎஸ்923 பிளஸில் ஏஎம்டி ரைசன், அதில் கிராபிக்ஸ் பகுதியே இல்லை. கோப்புச் சேமிப்புக்குப் புதியது மேல், படம் பார்க்கிறவருக்குப் பழையது மேல். சினாலஜியின் இயங்குதளம் டிஎஸ்எம்; 2024-இல் வந்த அதன் 7.2.2 பதிப்பில், படம் பார்க்கும் வீடியோ ஸ்டேஷன் ஆப்பையே நிறுத்தினார்கள். ரெடிமேடில் இது ஒரு குணம்: இன்று இருக்கும் வசதி, ஓர் அப்டேட்டில் இல்லாமல் போகலாம்.

சர்வரில் இருக்கும் படங்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருளில் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் இரண்டுதான் வீடுகளில் அதிகம். பிளெக்ஸில் குவிக் சிங்க்கைப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டும். ஜெல்லிஃபின் முழு இலவசம். 2018-இல் எம்பி (Emby) என்ற இன்னொரு மீடியா சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது அதிலிருந்து பிரிந்து வந்தது. டிவி ஆப்களின் நேர்த்தியில் பிளெக்ஸ் ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம், ஆனாலும் நான் ஜெல்லிஃபின்தான் வைத்திருக்கிறேன்.

அசெம்பிள் பண்ணினா எந்த ஓஎஸ்? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

மூன்று பேர் சொல்வதும் சரிதான், ஆளைப் பொறுத்தது. ட்ரூநாஸ், 2005-இல் ஃப்ரீநாஸ் என்று தொடங்கியது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் சரிபார்ப்பு எண் வைத்து, சத்தமில்லாமல் கெட்டுப்போகும் பிட்டைக்கூடக் கண்டுபிடித்து மற்ற டிஸ்க்கிலிருந்து திருத்தும். விறைப்பானது, முதலிலேயே திட்டமிட்டுவிட்டு உட்காருகிறவர்களுக்கு ஏற்றது. ஏற்கெனவே இருக்கும் ரெய்டு-இசட் (இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு) தொகுப்பில் ஒரு டிஸ்க் மட்டும் சேர்க்கும் வசதி, இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூல வடிவமான ஓபன்இசட்எஃப்எஸ் 2.3-இல்தான், 2025 ஜனவரியில், வந்தது.

அன்ரெய்டு, காசு கொடுத்து வாங்குவது. அதன் வழக்கமான அமைப்பில் டிஸ்க்குகளை இஷ்டத்துக்குக் கலக்கலாம், ஒரே நிபந்தனை, பாரிட்டி டிஸ்க் (செத்த டிஸ்க்கை மீட்டெடுக்க உதவும் கணக்கு எழுதப்படும் டிஸ்க்) மற்ற எந்த டிஸ்க்கையும்விடச் சிறியதாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு கோப்பும் ஒரே டிஸ்க்கில் முழுதாக இருக்கும். ஆகவே பாரிட்டியால் மீட்க முடிவதைத் தாண்டி டிஸ்க்குகள் செத்தாலும் செத்தவற்றில் இருந்தது மட்டும்தான் போகும். எழுதும் வேகம் கம்மி. படக் களஞ்சியத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு குறைவு, ஒருமுறை எழுதி நூறுமுறை படிப்பதுதானே நம் வேலை.

ஓபன்மீடியாவால்ட், டெபியன் லினக்ஸின்மேல் ஓர் எளிய முகப்பு. பழைய கம்ப்யூட்டருக்கும் குறைந்த மெமரிக்கும் நல்லது.

ஈசிசி மெமரி இல்லாம இசட்எஃப்எஸ் போட்டா எல்லா டேட்டாவும் அழுகிடும்னு பயமுறுத்தறாங்களே?

ஈசிசி நல்லது, மெமரியில் ஒரு பிட் தடம் மாறினால் திருத்தும். கிடைத்தால் போடுங்கள். ஆனால் இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் அது கட்டாயம் என்பது வதந்தி. சாதாரண மெமரியில் மற்ற கோப்பு முறைகளுக்கு இருக்கும் அதே ஆபத்துதான் இதற்கும். "ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிகாபைட் மெமரி" என்ற சூத்திரத்தையும் வீட்டில் மறந்துவிடலாம். 16 ஜிகாபைட் இருந்தால் நிம்மதியாக ஓடும்.

டிஸ்க்ல என்னங்க இருக்கு, எது மலிவோ அதை வாங்கினா ஆச்சு?

எஸ்எம்ஆர் என்ற மூன்று எழுத்தைப் பார்த்தால் விலகுங்கள். ஓட்டு வேய்வதுபோல் ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்ததை ஏற்றி எழுதுகிற முறை அது. இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒன்றை மாற்ற, பக்கத்தில் இருப்பதையும் எடுத்து எழுத வேண்டும். தனி டிஸ்க்காகப் பேக்கப்புக்குப் பரவாயில்லை. ரெய்டில் டிஸ்க் மாற்றும்போது நாட்கணக்கில் இழுக்கும், சர்வர் அதைச் செத்ததாக நினைத்துத் தூக்கி எறியவும் கூடும். வேண்டியது சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் நாஸ் வகை ரெட் டிஸ்க்குகள் சிலவே எஸ்எம்ஆர் என்று வெளியே வந்து பெரிய ரகளை ஆயிற்று. அதன்பின் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனிப் பெயரில் விற்கிறார்கள். அட்டையில் 'நாஸ்' என்று போட்டிருப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது.

ரெடிமேட் வாங்குகிறவர்கள், பெட்டி எந்த டிஸ்க்கை ஏற்கும் என்ற பட்டியலையும் பாருங்கள். சினாலஜி 2025-இல் தன் புதிய பிளஸ் பெட்டிகளில் தன் முத்திரை போட்ட டிஸ்க்குகளையே வற்புறுத்தியது. எதிர்ப்பு கிளம்பி, அதே வருடம் அக்டோபரில் டிஎஸ்எம் 7.3-இல் தளர்த்தியது.

எக்ஸ்டர்னல் டிஸ்க் மலிவா கிடைக்குது. உடைச்சு உள்ள இருக்கறதை எடுத்துப் போட்டேன், உயிரே இல்லையே?

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். புதிய டிஸ்க்குகள் சிலவற்றில் சாட்டா பவர் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் "தூங்கு" என்று அர்த்தம். பழைய பாணி பவர் சப்ளைகள் அதில் எப்போதும் 3.3 வோல்ட் அனுப்புகின்றன, டிஸ்க்கும் சமர்த்தாகத் தூங்குகிறது. அந்தப் பின்னின்மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய கேப்டான் டேப் ஒட்டினால் எழுந்துகொள்ளும். வாரண்டி சிக்கலாகும் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு உடையுங்கள்.

2.5 ஜிகாபிட், 10 ஜிகாபிட்னு போட்டிருக்கே, அது வேணுமா?

படம் பார்க்க வேண்டாம். சாதாரண ஒரு ஜிகாபிட் கேபிளில் நாலைந்து 4கே படம் ஒரே நேரத்தில் ஓடும். கோப்பு ஏற்றுவதற்குத்தான் வித்தியாசம்: ஒரு ஜிகாபிட்டில் நடைமுறையில் விநாடிக்கு 110 மெகாபைட், ஒரு டெராபைட் ஏற இரண்டரை மணி நேரம். 2.5-இல் ஒரு மணி நேரம். தினமும் வீடியோ எடிட் செய்கிறவருக்கு அது பெரிசு. மற்றவர்கள் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

ராஸ்பெரி பை-ல கட்டலாமா?

அந்தக் கையடக்கக் கம்ப்யூட்டர் பாட்டுக்கும் போட்டோவுக்கும் சரி. சாட்டா போர்ட் கிடையாது, டிஸ்க்குகள் யூஎஸ்பியில் தொங்கும். பை 5-இல் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் என்கோடர் வன்பொருளே இல்லை, ஆகவே டிரான்ஸ்கோடிங் கனவு. மேலே சொன்ன செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் இதைவிட நல்ல பேரம்.

வெளியூர்ல இருந்தும் பார்க்கணும். ரௌட்டர்ல போர்ட் திறந்து விட்டுடலாமா?

வேண்டாம். அது இணையத்தில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய கதவு. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல்கள் இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத் தேடி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டன. 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டிகள் தொலைவிலிருந்தே துடைத்து அழிக்கப்பட்டன, அவற்றுக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015-இல். இதைச் சொன்னால் "அப்போ அசெம்பிள்தான் பாதுகாப்பு" என்கிறார்கள். இல்லை. ரெடிமேட் ஒரேமாதிரி லட்சக்கணக்கில் இருப்பதால் குறிவைக்கப்படுகிறது. அசெம்பிளுக்கு அப்டேட் போட வேண்டியவர் நீங்கள், இரண்டு வருடம் மறந்தால் அதே கதைதான்.

வழி விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டுக்கு உங்களுக்கு மட்டுமான ஒரு பூட்டிய பாதை. வயர்கார்ட், அல்லது அதன்மேல் அமைந்த டெயில்ஸ்கேல். போனிலும் சர்வரிலும் போட்டுவிட்டால் வீட்டுக்குள் இருப்பது போலவே வேலை செய்யும். உங்களுக்கென்று பொது ஐபி முகவரி தராத இணைய இணைப்பிலும் டெயில்ஸ்கேல் ஓடுகிறது. இரண்டு வகைப் பெட்டியிலும் போடலாம்.

பெட்டி செத்துப்போச்சுன்னா டிஸ்க்ல இருக்கறது என் கைக்கு வருமா?

அசெம்பிளில் இது நிம்மதி. ட்ரூநாஸ் டிஸ்க்குகளை வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டி, ஓபன்இசட்எஃப்எஸ் இருந்தால் தொகுப்பை இறக்குமதி செய்யலாம். அன்ரெய்டில் ஒவ்வொரு டிஸ்க்கும் லினக்ஸில் தனியாகவே திறக்கும். மதர்போர்டில் இருக்கும் 'ரெய்டு' வசதியை மட்டும் தொடாதீர்கள், அதே வகை போர்டு கிடைக்காவிட்டால் திண்டாட்டம்.

ரெடிமேடில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சினாலஜி அடியில் லினக்ஸின் பொதுவான ரெய்டு முறையைத்தான் பயன்படுத்துகிறது, உபுண்டு போட்ட கம்ப்யூட்டரில் டிஸ்க்குகளை மாட்டி எடுக்கும் வழியை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். மற்றவற்றில் அதே கம்பெனியின் இன்னொரு பெட்டி தேவைப்படலாம். பேக்கப் இருந்தால் இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்காது.

நான் ஊர்ல இல்லாதப்போ நின்னுட்டா வீட்ல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?

பதினொரு மணிக் கேள்வியின் நிஜ முகம் இதுதான். என் அசெம்பிள் சர்வரில் விலை குறைந்த ஒரு சாட்டா அட்டை போட்டிருந்தேன். நான் வெளியூரில் இருந்தபோது அது இரண்டு டிஸ்க்கைக் கைவிட்டது. போனில் "எந்த ஒயரு?" "நீலமா?" "ரெண்டு நீலம் இருக்கு" என்று அரை மணி நேரம். கடைசியில் அணைத்துவிடச் சொன்னேன். வந்து பார்த்தால் டிஸ்க்குகளில் குறையே இல்லை, அட்டைதான் வில்லன். மாற்றிய பிறகு சரியாயிற்று.

ரெடிமேட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிற டிஸ்க்கை இழுத்துவிட்டுப் புதிதைச் செருகினால் போதும். இதை யாருக்கும் போனில் சொல்லலாம். அதனால்தான் குடும்பப் போட்டோ முழுக்க ரெடிமேடில் இருக்கிறது, படமும் என் விளையாட்டுகளும் அசெம்பிளில். ராத்திரி ஒருமுறை போட்டோக்கள் அசெம்பிளுக்கும் நகலாகும். ஒன்று மற்றதற்குப் பேக்கப், மூன்றாவது பிரதி உறவினர் வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க்.

எல்லாம் வாங்கியாச்சு. முதல் நாளே படத்தை ஏத்திடலாமா?

இரண்டு நாள் பொறுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் வசதி) நீண்ட சோதனை ஓட்டுங்கள், 16 டெராபைட் என்றால் ஒரு முழு நாள் எடுக்கும். புதிய டிஸ்க் கெட்டதாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிய வேண்டும். பிழை வந்தால் மின்னஞ்சல் வருமாறு அமைத்து, ஒரு சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள். சின்ன யூபிஎஸ் ஒன்று மாட்டி, யூஎஸ்பி கேபிளையும் இணைத்தால் மின்சாரம் போகும்போது சர்வர் தானே ஒழுங்காக அணையும்.

பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு, தேவையில்லாத கோப்பு நாலைப் போட்டுவிட்டு, ஓடும்போதே ஒரு டிஸ்க்கை உருவிப் பாருங்கள். ரெடிமேடில் பயமில்லாமல் செய்யலாம். அசெம்பிளில் போர்டும் கேபினெட்டும் ஓடும்போது கழற்ற இடம் தராவிட்டால், அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். அலறுகிறதா, அஞ்சல் வருகிறதா, திரும்பச் செருகினால் சேர்த்துக்கொள்கிறதா என்று பார்த்து, செய்ததை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். எந்த ஒயர் எந்த டிஸ்க் என்பதையும் சேர்த்து. இரண்டு நீலம் இருந்தால் ஒன்றில் டேப் சுற்றிவிடுங்கள்.